அசையாத தண்ணீரில் வளரும் பளிங்கு
மன்னார் உப்பிலிருந்து சிலிக்கா ஜெல் வரை

மன்னார்த் தீவிலும், தெற்கே சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி என நீளும் முசலிக் கரையிலும் வாழ்கிறவர்கள் மூன்று பொருட்களை நன்கு அறிவர். ஒன்று உப்பு. மற்றது முத்து, அது இப்போது கையில் இல்லை, பேச்சில் மட்டும் இருக்கிறது. மூன்றாவது, வெயிலில் நின்று உழைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற ஆட்களுக்கு வரும் சிறுநீரகக் கல். உயர்தர வகுப்பில் ஒருமுறை இம்மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "உப்பும் முத்தும் சரி சேர், கல்லை ஏன் கொண்டுவந்து சேக்கிறீங்க?"

இரசாயனத்தின் கண்ணில் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நீரில் கரைந்து அலைந்த அயன்கள் ஓரிடத்தில் வந்து வரிசை கட்டி நின்றதால் உண்டான திண்மங்கள் இவை. இப்படி ஒழுங்கு வரிசையில் அமைந்த திண்மத்தையே பளிங்கு என்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் படிகம் என்று வரும்.

அப்படியென்றால் உப்பு ஏன் கோடிக்கணக்கான குருணையாக வருகிறது? முத்து ஏன் மினுங்குகிறது? கல் ஏன் உடம்புக்குள் முள்ளாகிக் குத்துகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட ஒரு பரிசோதனைக் குழாயும் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் போதும். பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. எமது பிரதேசப் பாடசாலைகளுக்கு அது முக்கியமான சங்கதி என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1990 ஒக்டோபரில் எமது சனம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது வீடு வளவோடு பாடசாலைகளும் போயின. நான் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இரசாயனம் படித்தவன். பரிசோதனை என்பதைப் புத்தகப் படத்தில் பார்த்துப் பரீட்சை எழுதிய தலைமுறை எங்களுடையது. ஆசிரியனாகி ஊர் திரும்பியபோது, குறைந்த செலவில் பிள்ளைகள் தம் கண்ணாலேயே பார்க்கக்கூடிய பரிசோதனை எது என்று தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் இது.

வரிசையும் தனிப்பளிங்கும்

திறந்த மைதானத்தில் பெருநாள் தொழுகைக்கு ஆட்கள் சேர்வதை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்தால் மைதானம் முழுவதும் ஒரே ஒழுங்காக இருக்கும். அதை விட்டு ஐந்தாறு இடங்களில் ஒரே நேரத்தில் தனித்தனியே சஃப் கட்டத் தொடங்கினால், ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஒழுங்கு இருக்கும்; அவை சந்திக்கும் இடங்களில் கோணல் விழும்.

பளிங்கிலும் இதுவே நடக்கிறது. முதன்முதல் வரிசை கட்டும் சிறு கூட்டத்தைக் கரு என்பர். ஒரு கருவிலிருந்து தொடங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசை குலையாமல் வளர்ந்தது தனிப்பளிங்கு. பல கருக்களிலிருந்து வளர்ந்து ஒன்றையொன்று முட்டி நிற்பது பல்பளிங்கு. கைத்தொலைபேசியின் உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லும், கைக்கடிகாரத்தில் நேரம் காக்கும் குவாட்சும் தனிப்பளிங்கிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. வரிசையில் கோணல் இருந்தால் அவை ஒழுங்காக வேலை செய்யா.

ஆகவே தனிப்பளிங்கு வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். கருக்கள் மிகச் சிலவாகவே தோன்ற வேண்டும். தோன்றிய கருவுக்குத் தேவையான அயன்கள் அவசரமில்லாமல், ஒரு சீராக வந்து சேர வேண்டும். இந்த இரண்டும் நடக்காத இடத்தைப் பார்க்க மன்னார் உப்பளத்துக்குப் போகலாம்.

பாத்தியில் நடப்பது

கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும்பங்கு கறியுப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு. மிச்சத்தில் மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் உண்டு. நீரை வெயிலில் ஆவியாக விடும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கொஞ்சம் கல்சியம் காபனேற்று. நீரின் கனவளவு ஐந்தில் ஒரு பங்களவாகக் குறையும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்களவுக்கு வந்தபின்தான் கறியுப்பு. மக்னீசியம் உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்த நீரையும் காயவிட்டால் உப்பு கசக்கும். அதனால் அதை வெளியே விட்டுவிடுவர்.

உப்புத் தொழிலில் நீரின் அடர்த்தியைப் போமே பாகையில் அளப்பார்கள். ஏறத்தாழ 25 பாகையில் கறியுப்பு இறங்கத் தொடங்கும். அதற்கு முன்னரே ஜிப்சத்தை வேறு தடாகங்களில் இறக்கிவிட்டால், கடைசிப் பாத்தியில் வெள்ளை உப்பு கிடைக்கும். கருவி இல்லாமலே நீரின் நிறத்தையும் கையில் பட்ட பிசுபிசுப்பையும் பார்த்துப் பதம் சொல்லும் பழைய ஆட்கள் இருந்தார்கள்.

உப்புப் பாத்தி ஆழமில்லாதது. மேலே வெயில் காய்கிறது, காற்று நீரை அசைக்கிறது, மேல்நீர் கனத்துக் கீழே இறங்கக் கீழ்நீர் மேலே வருகிறது. தூசியும் மண்ணும் விழுகின்றன. ஒவ்வொரு தூசியிலும் ஒரு கரு தொடங்க இடமுண்டு. நீர் தாங்கக்கூடிய அளவை விடக் கூடுதலாக உப்பு சேர்கிற மிகைநிரம்பல் நிலை பாத்தி முழுவதும் ஒரே நேரத்தில் உண்டாகிறது. எங்கு பார்த்தாலும் கரு. எல்லாக் கருவும் ஒரே நேரத்தில் வளர முண்டியடிக்கின்றன. கிடைப்பது குருணை. ஒவ்வொரு குருணையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கனச்சதுர வடிவம் தெரியும். ஆனால் முகங்கள் குழிந்தும், உள்ளே சிறு நீர்க்குமிழ்களை அடக்கியும் இருக்கும். அவசரமாக வளர்ந்ததற்கான அடையாளம் அது.

உப்பு விளைவிப்பவருக்கு இது போதும். அவருக்கு வேண்டியது அளவு. ஒரே ஒரு நல்ல பளிங்கை வளர்க்க வேண்டிய ஆளுக்கு வேறு வழி தேவை: தண்ணீர் இருக்க வேண்டும், ஆனால் அது அசையக் கூடாது.

ஜெல் என்றால் என்ன?

அசையாத தண்ணீரை எமது வீட்டுக் குசினிகள் நன்கு அறியும். நோன்பு காலத்தில் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசி அதுவே. ஒரு பங்கு கடற்பாசிக்குக் கிட்டத்தட்ட நூறு பங்கு தண்ணீர். ஆனாலும் தட்டைச் சரித்தால் ஊற்றாது, கத்தியால் வெட்டலாம். கடற்பாசியின் நீண்ட மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாத வலையாகப் பின்னிக்கொள்ள, அந்த வலைக்கண்களுக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. வெள்ளைக் கடற்பாசிக்கு மேல் சிவப்புக் கடற்பாசி ஊற்றி ஒரு நாள் வைத்தால், சிவப்பு மெல்ல மெல்ல வெள்ளைக்குள் இறங்கியிருப்பதைக் காணலாம். நீர் ஓடவில்லை, நிறத்தின் மூலக்கூறுகள் மட்டும் வலைக்கண் வழியே ஊர்ந்து போயின. இதுவே பரவல்.

சிலிக்கா ஜெல்லும் இப்படித்தான். வலை மட்டும் வேறு. புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சின்னப் பொட்டலத்தில் கண்ணாடி மணிபோல இருப்பது காய்ந்த சிலிக்கா ஜெல். நீரோடு இருக்கும்போது அது நிறமற்ற, தெளிந்த, மெல்ல நடுங்கும் கட்டி. மணலையும் சோடாவையும் உருக்கிச் செய்யும் சோடியம் சிலிக்கேற்றைத் தண்ணீரில் கரைத்தால் அதற்கு நீர்க்கண்ணாடி என்று பெயர். அதோடு அமிலம் சேரும்போது சிலிசிக்கமிலம் உண்டாகிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கைகோக்கும்போதெல்லாம் ஒரு நீர் மூலக்கூறை வெளியேவிட்டு, சிலிக்கன்–ஒட்சிசன் வலையாகப் பின்னுகின்றன. சில மணி முதல் சில நாள் வரை எடுத்து, திரவம் இறுகி ஜெல்லாகும்.

இந்த வலை பளிங்குக்கு மூன்று உபகாரம் செய்கிறது. முதலாவது, நீர் சுழல்வதை நிறுத்துகிறது. அயன்கள் பரவலால் மட்டுமே வந்துசேர முடியும். அதனால் அவை மெதுவாகவும் சீராகவும் வருகின்றன. இரண்டாவது, கருக்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. நுண்ணிய கண்களுக்குள் அகப்பட்ட அயன்கள் ஒரு கருவாகத் திரள்வது எளிதல்ல. மூன்றாவது, வளரும் பளிங்கை எல்லாப் பக்கமும் மென்மையாகத் தாங்குகிறது. அது அடியில் விழுந்து ஒரு பக்கம் தட்டையாவதில்லை. விரும்பிய முகமெல்லாம் வளர இடமுண்டு.

புவியீர்ப்பால் உண்டாகும் நீர்ச்சுழற்சியைத் தவிர்ப்பதற்காக விண்வெளி ஓடங்களில் புரதப் பளிங்குகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் ஆகாயத்தில் தேடிய அமைதியின் ஒரு பங்கு, ஒரு கிளாஸ் ஜெல்லுக்குள் மலிவாகவே கிடைக்கிறது.

ஜெல்லுக்குள் நடக்கும் இந்த விந்தையை உலகம் கவனிக்கத் தொடங்கியது 1896 இல். ஜேர்மனியரான ரபாயல் லீசெகாங் புகைப்பட இரசாயனத்தில் ஈடுபட்டவர். பொட்டாசியம் இருகுரோமேற்றுக் கலந்த ஜெலற்றின் படலத்தில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றை இட்டார். வீழ்படிவு ஒரே திட்டாகப் பரவாமல் வட்டம் வட்டமாக, இடைவெளி விட்டு விட்டுத் தோன்றியது. அவை இன்றும் லீசெகாங் வளையங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. பிறகு பலர் ஜெல்லில் பளிங்கு வளர்த்தாலும், 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ் ஹெனிஷ் இதை ஒழுங்கான ஆய்வுமுறையாக்கினார். 1970 இல் வந்த அவரது நூல் இத்துறையின் கைநூலாயிற்று.

குழாயில் செய்து பார்க்க

பாடசாலைக்கு ஏற்றது கல்சியம் தாத்தரேற்று. நச்சுத்தன்மை குறைந்தது, நிறமற்றது, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்வது. புத்தகங்களில் பொன் நிறத் தகடாக மின்னும் ஈய அயடைட்டின் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவர். ஈயம் நஞ்சு; பாடசாலையில் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

முதலில் நீர்க்கண்ணாடியைக் காய்ச்சி வடித்த நீரில் ஐதாக்க வேண்டும். அடர்த்திமானி இல்லையென்றால் கவலையில்லை: கரைசலின் 100 மில்லிலீற்றர் 104 முதல் 106 கிராம் வரை நிறுத்தால் சரி. வேறொரு முகவையில் ஒரு மோலர் தாத்தாரிக்கமிலம், அதாவது லீற்றருக்கு 150 கிராம் என்ற அளவில். அமிலத்துக்குள் சிலிக்கேற்றைத் துளித்துளியாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மாறி ஊற்றினால் இடையிலேயே கட்டி கட்டியாக இறுகிவிடும். பீஎச் தாள் 4 காட்டியதும் நிறுத்தி, பரிசோதனைக் குழாய்களில் பாதிக்கு மேல் ஊற்றி, வாயை மூடி வைக்க வேண்டும்.

சிலிக்கேற்று காரத்தன்மையானது, கண்ணில் படக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். ஆசிரியர் கிட்ட நிற்க வேண்டும்.

ஜெல் இறுகச் சில நாட்கள் எடுக்கும். குழாயைச் சரித்தால் மேற்பரப்பு அசையக்கூடாது, அதுவே பதம். இறுகியபின் இன்னும் சில நாள் பொறுப்பது நல்லது. நாள்பட்ட ஜெல்லில் கருக்கள் குறைவாகத் தோன்றும். பிறகு அதன் மேல், குழாயின் சுவர் வழியாக, ஜெல் உடையாமல் மெதுவாகக் கல்சியம் குளோரைட்டுக் கரைசலை ஊற்ற வேண்டும். அரை மோலர் போதும். மன்னார் வெயிலில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை மாறிக்கொண்டேயிருக்கும். மண்பானைக்குள் மணலை நிரப்பிக் குழாய்களை அதில் புதைத்து, நிழலான மூலையில் வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் குறையும்.

முதல் ஓரிரு நாளில் ஜெல்லின் மேல் விளிம்பில் வெண்மையான பட்டை தோன்றும். அதைக் கண்டதும் பிள்ளைகள் "சேர், பழுதாப் போச்சு" என்பார்கள். பொறுக்கச் சொல்ல வேண்டும். பட்டைக்குக் கீழே சிறு பளிங்குகள் நெருக்கமாகவும், அதற்கும் கீழே எண்ணிவிடக்கூடிய சில மட்டும் தனித்தனியாகவும் தெரியத் தொடங்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் அவை சில மில்லிமீற்றர் அளவுக்கு வளரும். ஒரு சென்ரிமீற்றரை நெருங்குவதும் உண்டு.

இந்தக் குழாயே ஒரு பாடப்புத்தகம். மேல் விளிம்பில் கல்சியம் அடர்த்தியாக வந்து தாத்தரேற்றைச் சந்திக்கிறது. அங்கே கரு கோடிக்கணக்கில் தோன்றி வெண்பட்டையாகிறது. அது நம்முடைய உப்புப் பாத்தி. கீழே போகப் போகக் கல்சியம் சொட்டுச் சொட்டாகவே வந்து சேர்கிறது. கரு சிலவே தோன்றுகின்றன. தோன்றியவை சுற்றிலும் உள்ள அயன்களை மெல்ல இழுத்துக்கொள்வதால் பக்கத்தில் வேறு கரு தோன்ற வழியில்லை. ஆகவே பெரிதாக, தெளிவாக, முகம் மழுங்காமல் வளர்கின்றன. ஒரே பொருள், ஒரே குழாய், ஒரே நாட்கள். வேறுபாடு வந்து சேரும் வேகத்தில் மட்டுமே.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஜெல்லில் வளர்பவை சிறியவை; சிலநேரம் சிலிக்காவையும் உள்ளே அடக்கிக்கொள்ளும். தொழிற்சாலைக்கு வேண்டிய சிலிக்கன் தண்டுகளை இப்படி வளர்க்க முடியாது. அவற்றை உருகிய சிலிக்கனிலிருந்து மெல்லச் சுழற்றி இழுத்து எடுக்கிறார்கள். ஆனால் நீரில் எளிதாகக் கரையாத, சூடாக்கினால் சிதையும் பொருட்களுக்கு ஜெல் மிகப் பொருத்தமானது.

இந்தியாவில் பல பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இதை விரும்பி ஏற்றதற்கு ஒரு காரணம் செலவு. உலை வேண்டாம், வெற்றிடப் பம்பி வேண்டாம். குஜராத்தின் வல்லப் வித்யாநகரைச் சேர்ந்த ஏ. ஆர். பட்டேலும் ஏ. வெங்கடேஸ்வர ராவும் ஜெல் முறை பற்றிய விரிவான மதிப்பாய்வை 1982 இல் வெளியிட்டனர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பளிங்கு வளர்ச்சிக்கென்றே தனி ஆய்வு மையம் இயங்குகிறது. தமிழ்நாட்டின் சிறு ஊர்க் கல்லூரிகளிலும் பரிசோதனைக் குழாயும் தாங்கியும் வைத்துக்கொண்டு கலாநிதிப் பட்டம் வரை ஆய்ந்தவர்கள் உண்டு.

முத்தின் உள்ளே

எமது கரையின் பெயரை உலகுக்குச் சொன்னது முத்து. 1344 இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதா, அங்கே முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிச் சலாபங்களுக்குக் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் குளியாளிகளும் அரபுக் குளியாளிகளும் வந்து கூடினர். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பார்கள் வறண்டன. 1925 இல் நடந்ததற்குப் பிறகு பெருஞ்சலாபம் எதுவும் நடக்கவில்லை.

சிப்பி மேலே மிதந்து வந்து வாய் திறந்து மழைத்துளியை வாங்கி முத்தாக்குகிறது என்பது பழைய நம்பிக்கை. தமிழிலும் அரபியிலும் கிரேக்கத்திலும் அது உண்டு. உண்மையில் நடப்பது அதைவிட வியப்பானது. முத்தின் நூற்றுக்கு 95 பங்கு கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக் கல்லில் உள்ள அதே பொருள்தான். ஆனால் அரகோனைற்று என்ற பளிங்கு வடிவத்தில். அரை மைக்கிரோமீற்றர் அளவே தடிப்பான தகடுகள் செங்கல் அடுக்கியதுபோல அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு தகடும் பளிங்காக வளர்ந்தது. இடையே கைற்றினும் புரதமும் சேர்ந்த மெல்லிய படலம். தகட்டின் தடிப்பு ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடியது. ஆகவே அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி தமக்குள் கூடியும் கழிந்தும் அந்த மினுமினுப்பைத் தருகிறது.

இங்கேதான் ஜெல் வருகிறது. சிப்பியோட்டை உலரவிடாமல், ஈரமாகவே உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்த ஆய்வு ஒன்று 2001 இல் வந்தது. தகடுகள் வளர்வதற்கு முன் அந்த இடைவெளியை நிரப்பியிருப்பது பட்டு போன்ற புரதத்தின் நீர்செறிந்த ஜெல் எனக் கருத அது இடம் தந்தது. அதாவது சிப்பி வெறும் கடல்நீரில் சுண்ணாம்பைக் கொட்டவில்லை. தனக்குள் ஒரு அறை கட்டி, அதை ஜெல்லால் நிரப்பி, அயன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, எந்தத் திசையில் வரிசை கட்ட வேண்டும் என்பதையும் புரதத்தால் தீர்மானிக்கிறது. நாங்கள் குழாயில் செய்ததை, நூறு மடங்கு நேர்த்தியாக, பாரின் அடியில் அது செய்துகொண்டிருந்தது.

கல்லும் நெருஞ்சிலும்

கடைசியாக, அந்த மாணவி கேட்ட கல். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஓட்சலேற்று. சிறுநீரில் கல்சியமும் ஓட்சலேற்றும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். வியர்வையில் நீர் போய், குடிப்பது குறைந்தால், சிறுநீர் மிகைநிரம்பலடையும். பாத்தியில் நீர் வற்றுவது போலத்தான். கரு தோன்றி, சிறுநீரகத்தின் உள்மடிப்பில் ஒட்டிக்கொண்டால், அது வளர நேரம் கிடைக்கிறது.

இதை உடம்புக்குள் பார்க்க முடியாது. அதனால் ஆய்வாளர் சிலிக்கா ஜெல்லில் அதே பளிங்குகளை வளர்க்கிறார்கள். ஜெல்லில் வளர்ச்சி மெதுவாக நடப்பதால், எதைச் சேர்த்தால் வளர்ச்சி குறைகிறது, எதைச் சேர்த்தால் கூடுகிறது என்று நாளுக்கு நாள் அளக்கலாம். ராஜ்கோட்டில் உள்ள சௌராஷ்டிரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி நெருஞ்சிலின் சாற்றைச் சேர்த்துப் பார்த்தனர். கல்சியம் ஓட்சலேற்றுப் பளிங்கின் வளர்ச்சியை அது தடுத்ததாக 2005 இல் எழுதினர்.

இதை வகுப்பில் சொன்னதும் ஒரு பையன், "அப்ப உம்மம்மா நெருஞ்சில் அவிச்சுக் குடுக்கிறது சரிதானே சேர்?" என்றான். நல்ல கேள்வி. குழாயில் சாறு நேரடியாகப் பளிங்கைத் தொடுகிறது. குடித்தால் அது குடல், ஈரல், இரத்தம் எல்லாம் கடந்து மாறிய பிறகே சிறுநீருக்கு வரும். எவ்வளவு வரும் என்பதைக் குழாய் சொல்லாது. ஜெல்லில் நீர் ஓடாது, சிறுநீர் ஓடும். ஆகவே குழாயின் முடிவு, தேடிப் பார்க்கத் தகுந்த பொருள் இது என்று காட்டும் கைகாட்டி. மருந்து என்று சொல்ல, நோயாளிகளிடம் முறையாகச் செய்த சோதனை வேண்டும். உம்மம்மாவின் அறிவை இழிவாகப் பேசவும் கூடாது. குழாயைக் காட்டி மருந்து விற்பவரை நம்பவும் கூடாது. பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் படிக்க வேண்டும்.

மன்னார்ப் பெருநிலத்தின் சுண்ணக்கல் கிணற்று நீரைப் பற்றியும் ஒரு பேச்சுண்டு: "கேத்தல்ல படியிற சுண்ணாம்புதான் வயித்திலயும் கல்லாகுது." கேத்தலில் படிவது கல்சியம் காபனேற்று. சிறுநீரகக் கல் பெரும்பாலும் ஓட்சலேற்று. உணவிலும் நீரிலும் உள்ள கல்சியத்தின் ஒரு பங்கு குடலிலேயே ஓட்சலேற்றோடு சேர்ந்து வெளியேறுவதால், நீரின் சுண்ணாம்பு நேராகக் கல்லாகிறது என்று சொல்ல முடியாது. நீர் கடினமென்று பயந்து குடிப்பதைக் குறைப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

மருத்துவர் கல் வந்தவருக்குச் சொல்வது எளிமையானது: நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லீற்றர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள். எலுமிச்சையில் உள்ள சித்திரேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதுவும் உதவும். சிறுநீரகமே பழுதானவருக்கும் இருதய நோயாளிக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்கள் தம் வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும். வாடியிலும் பாத்தியிலும் வயலிலும் வேலை செய்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க, வற்றும் பாத்தியைக் காட்டினால் போதும். அவர்களுக்கு அது தெரிந்த பாடம்.

பாடசாலைக்கு ஒரு வேண்டுகோள்

எமது பிரதேசப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூடக் கட்டடம் எழுந்திருக்கிறது. உள்ளே நடப்பது குறைவு. விலையுயர்ந்த கருவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பத்துக் குழாய், கொஞ்சம் நீர்க்கண்ணாடி, தாத்தாரிக்கமிலம், கல்சியம் குளோரைட்டு, பீஎச் தாள், ஒரு பானை மணல். இவ்வளவும் இருந்தால் ஒரு தவணைக்கான ஆய்வு தயார். இரசாயனம் கிடைக்காத இடத்தில் கடற்பாசி ஜெல்லில் நிறம் பரவுவதை அளந்தாவது தொடங்கலாம்.

ஒவ்வொரு குழாயிலும் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: ஒன்றில் அடர்த்தி, ஒன்றில் பீஎச், ஒன்றில் ஜெல்லின் வயது, ஒன்றில் கல்சியத்தின் செறிவு. நாளாந்தம் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதட்டும். வெண்பட்டை எத்தனை மில்லிமீற்றர், முதல் பளிங்கு எந்த நாளில், எத்தனை பளிங்கு, எந்த ஆழத்தில். எதுவும் தோன்றாத நாளையும் எழுதட்டும். ஆறு வாரம் கழித்துப் பத்துக் கொப்பிகளையும் மேசையில் விரித்தால், எந்த மாற்றம் எதைச் செய்தது என்று பிள்ளைகளே வாதாடுவார்கள். ஆய்வு என்பது அந்த வாதாட்டம். புத்தகப் படத்தில் பார்த்துப் பரீட்சை எழுதிய எங்களுக்கு அது கிடைக்கவில்லை. இவர்களுக்குக் கிடைக்கச் செய்வது எமது கையில் இருக்கிறது; அதற்கு வேண்டிய பொருட்கள் அனைத்தும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும்.